ஆறு பேர் நிற்கும் படமும் ஐந்து பேர் நிற்கும் படமும்

அப்பா காலமான பிறகு, கோத்தகிரி வீட்டின் பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றிய 23 புகைப்படங்கள் கிடைத்தன. ஒன்றின் பின்னாலும் பெயர் இல்லை, தேதி இல்லை. இத்தகைய படங்களைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பற்றிப் பலரும் வருத்தப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய கேடு, தெரிந்ததாக எண்ணிக்கொண்டு அவற்றின் மேல் பெயரை எழுதிவிடுவது என்பது என் கருத்து. நான் அதைச் செய்தவள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் ஒன்றில் ஆறு பேர் நிற்கிறார்கள். தாத்தா, அப்பாயி, பெரியப்பா, அத்தை, ஆறு வயது அப்பா ஆகியோரை முகச்சாயலை வைத்துக் கண்டுகொண்டேன். இடது ஓரத்தில், அப்பாயியின் தோளை ஒட்டி நின்ற இளம்பெண் மட்டும் யாரென்று விளங்கவில்லை. தாத்தா தமக்கு உடன்பிறந்தவர்கள் இருந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆகவே 'அடுத்த லயத்துப் பெண்' (லயம் என்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் அப்போது வாழ்ந்த தொழிலாளர் வரிசை வீடு) என்று நானே முடிவு செய்து, படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினேன். எழுத்தின் தடம் முன்பக்கம் புடைத்து, அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒரு கோடாக இன்றும் நிற்கிறது.

இரண்டு மாதம் கழித்து, எல்லாப் படங்களையும் கூடலூரில் இருக்கும் அத்தையிடம் எடுத்துச் சென்று, பாயில் வரிசையாகப் பரப்பி வைத்தேன். அப்போதுதான் இன்னொரு படத்தை நான் சரியாகப் பார்த்தேன். அதே மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை, அதே உடைகள்; அப்பாவின் காலில் அதே பெரிய ஷூ, இடது காலில் கயிறு அவிழ்ந்து கிடப்பது உட்பட. ஆனால் அதில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஓரத்துப் பெண் இல்லை.

"அது அடுத்த லயத்துப் பிள்ள இல்ல தங்கம், ஒங்க தாத்தா கூடப் பொறந்த தங்கச்சி" என்றார் அத்தை. "பாஸ்போட்டுக்கு நாங்க அஞ்சு பேரும் எடுத்தோம். அதுக்கப்புறம் அவங்களையும் கூப்பிட்டு நிக்க வச்சு இன்னொண்ணு எடுத்தாரு ஒங்க தாத்தா. அந்தச் சப்பாத்து ஸ்டூடியோக்காரரோடது, ஒங்கப்பாவுக்கு அன்னைக்கு மட்டும் போட்டு விட்டது." ஐம்பது ஆண்டுகளாக இந்த நீலகிரி மலையில் வாழ்ந்தும், ஷூவை அவர் இன்னும் இலங்கை வழக்கில் 'சப்பாத்து' என்றுதான் சொல்கிறார்.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கையின் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களை நான் பள்ளி நாளிலிருந்தே அறிவேன். தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்கள். தாத்தா வீட்டார் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, திரும்பி வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டத்தில், நாம் இன்று டான்டீ என்று அழைக்கும் தோட்டத்தில், கொழுந்து பறிக்க வந்து சேர்ந்தார்கள். தங்கை இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்திலேயே இருந்துவிட்டார். தாத்தா ஏன் அவரைப் பற்றிப் பேசவே இல்லை என்று அத்தையிடம் கேட்டேன். "பேசுனா அழுதுடுவாரு" என்று மட்டும் சொன்னார்.

படத்தை எடுத்து நீட்டி 'இது யார்' என்று கேட்டால் முதியவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். 'இந்தப் படம் எடுத்த அன்று என்ன நடந்தது, யாருடைய சேலை, யார் காசு கொடுத்தது' என்று கேட்டால்தான் வாய் திறக்கிறது. அத்தை சொல்லித்தான் அந்தத் தங்கை உடுத்தியிருந்த மாம்பழ மஞ்சள் சேலை அப்பாயி இரவல் கொடுத்தது என்று தெரிந்தது. அதற்குள் எங்கள் வீட்டுப் பையன் ஒருவன், அன்பினால்தான், படத்துக்குச் செல்பேசியில் வண்ணமூட்டிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான், சேலை பச்சையாகிவிட்டது. இப்போது சொந்தக்காரர்கள் அனைவரும் அவரைப் 'பச்சைச் சேலைப் பாட்டி' என்கிறார்கள். கறுப்பு வெள்ளையாக இருந்தவரை அது என்ன நிறம் என்று கேட்கும் வழியாவது திறந்திருந்தது. வண்ணமூட்டுவதை நான் இதற்காகவே எதிர்க்கிறேன்.

இப்போது படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் மட்டுமே, அதுவும் ஓரத்தில், எழுதுகிறேன்: யார், அதைச் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார். என் ஊகமாக இருந்தால் ஊகம் என்றே எழுதுகிறேன். ஒட்டும் தாள் வைத்த ஆல்பத்தில் எதையும் வைப்பதில்லை. பசை பிடித்த படத்தை உரித்தால் முகமே பெயர்ந்துவிடும். நம் மலையின் பனிமூட்டமும் ஈரமும் வேறு. படத்தாளின் மேல் பூசிய ஜெலட்டின் பூஞ்சைக்கு நல்ல உணவு. 23இல் நான்கு படங்களை அது ஏற்கெனவே தின்றுவிட்டது. உதகை இந்து நகரில் பிலிமும் படத்தாளும் செய்த பெரிய ஆலையையே வைத்திருந்த மாவட்டம் இது. இங்கே வீட்டுக்கு வீடு படங்கள் பரணில் பூத்துப் போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கும் தாயகம் திரும்பிய குடும்பத்தார், தங்கள் வீட்டுப் படங்களில் மாளிகைப் படிக்கட்டும் அதன் அடியில் இரண்டு அன்னங்களும் வரைந்த திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுகிறேன். எங்கள் படத்தின் பின்னால் இருக்கும் ரப்பர் முத்திரையில் 'ஹட்டன்' என்ற சொல் மட்டும் தெரிகிறது, ஸ்டூடியோவின் பெயர் அழிந்துவிட்டது. அந்தப் பெயர் கிடைத்தால், அங்கே தங்கிவிட்ட பாட்டியின் பிள்ளைகளைத் தேட ஓர் இடமாவது கிடைக்கும். தாத்தா அவர் கையில் கொடுத்த பிரதி அவர்கள் வீட்டில் இருக்கக்கூடும். அந்தத் திரை உங்கள் படத்தில் இருந்தால், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.