கண்டக்டர் இல்லாத பஸ்

(ஞாயிறு மதியம். ஓய்வு பெற்ற கண்டக்டர் சபாபதியும் மனைவி மங்களமும் டிவி முன்னால். ஓடுவது ஃபிராங்க் காப்ரா 1934-இல் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்'.)

சபாபதி: ஏன் மங்களம், மயாமியிலேர்ந்து நியூயார்க் போற வண்டி. ஒரு கண்டக்டர் கூடவா போடல?

மங்களம்: கோடீஸ்வரன் பொண்ணு, அப்பாகிட்ட கோவிச்சுக்கிட்டு கப்பல்லேர்ந்து குதிச்சு நீந்தி வந்து பஸ் ஏறியிருக்கா. உங்களுக்குக் கண்டக்டர் கவலை.

சபாபதி: பெட்டி திருடு போயிடுச்சே! நான் இருந்தா போகுமா?

மங்களம்: உங்க பணப்பையே போச்சு ஒருதடவை.

சபாபதி: அது தீபாவளிக் கூட்டம்! பாரு, அரை மணி நிக்கும்னு டிரைவர் சொல்றான். இவ, எனக்கு லேட்டாகும், காத்திருன்னு ஆர்டர் போடறா.

மங்களம்: கார் காத்திருந்தே பழக்கம்.

சபாபதி: எடுத்துட்டான்! சபாஷ்! டைம்னா டைம்.

(சற்று நேரம் கழித்து, பஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள்.)

சபாபதி: அய்யய்யோ, டிரைவரும் பாடறான்! ரோட்டைப் பாருடா! பள்ளத்துல இறக்கிட்டான். மெமோ உறுதி.

மங்களம்: இதுக்கு முந்தின ராத்திரி சீன்ல இவளும் பஸ்ல கூட வர்ற ஹீரோவும் ஒரே ரூம்ல தங்கினாங்களே. நடுவுல கயிறு கட்டிப் போர்வையைத் தொங்க விட்டு, இதுதான் பைபிள்ல வர்ற ஜெரிக்கோ மதில்னானே ஹீரோ கிளார்க் கேபிள்.

சபாபதி: முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். நாங்க போர்வை இல்லாமலே பிரிச்சோம்.

மங்களம்: இப்ப பாருங்க, லிஃப்ட் கேக்கற சீன். இவன் கட்டை விரலை ஆட்டி ஆட்டி ஒரு வண்டியும் நிக்கல. அவ பாவாடையை முழங்காலுக்கு மேல தூக்கினா...

சபாபதி: ஸ்டாப்பிங் இல்லாத இடத்துல நிறுத்திட்டான்!

மங்களம்: ஹீரோயின் கிளாடெட் கோல்பெர்ட் இந்த சீனுக்கு முதல்ல மாட்டேன்னுதான் சொன்னாளாம். வேற பொண்ணைக் கூட்டிட்டு வந்ததும், அது என் கால் மாதிரி இல்லேன்னு தானே நடிச்சாளாம். ரோஷக்காரி. கடைசியில முக்கியமான அஞ்சு ஆஸ்காரும் இந்தப் படத்துக்கு. அவ கிடைக்காதுன்னு ஊருக்குக் கிளம்பிட்டா. ஸ்டேஷன்லேர்ந்து அழைச்சிட்டு வந்து கொடுத்தாங்க.

சபாபதி: எந்த ஸ்டேஷன்?

மங்களம்: ரயில் ஸ்டேஷன்.

சபாபதி: இவ்வளவு நேரம் பஸ்ல வந்துட்டு ரயில்லயா போனா? துரோகி.

மங்களம்: இதையே நம்ம ஏவி.எம். 1956-ல ராஜ்கபூர், நர்கீஸை வச்சு இந்தியில 'சோரி சோரி'ன்னு எடுத்தாங்க.

சபாபதி: அதுலயாவது கண்டக்டர் உண்டா?

மங்களம்: பேசாம பாருங்க. பொண்ணைக் கண்டுபிடிச்சா 10,000 டாலர்னு அப்பா அறிவிச்சிருக்கார். இவன் அதைத் தொடல. கோட்டு, பெட்டி, தொப்பின்னு வழியில தனக்கு ஆன செலவு 39 டாலர் 60 சென்ட்டை மட்டும் கொடுங்கறான்.

சபாபதி: (எழுந்து நின்று) இவன்தான் ஆம்பளை! கணக்கு பைசா சுத்தம். இவனுக்குப் பையைக் கொடுத்து ரூட்ல அனுப்பலாம்.

மங்களம்: பைசா சுத்தமா? திருவாரூர் வண்டியில நான் அஞ்சு ரூபா நீட்டினேன். டிக்கெட் பின்னாடி '3.40'ன்னு எழுதிக் கொடுத்தீங்க. அதை வாங்கத்தான் மறுநாளும் உங்க வண்டியில ஏறினேன். அதுக்கு மறுநாளும். நாப்பத்தஞ்சு வருஷமாச்சு.

சபாபதி: (கை தன்னால் சட்டைப் பைக்குப் போகிறது) சில்லறை இல்லம்மா. இறங்கறப்ப வாங்கிக்க.