எதில் மூன்றில் இரண்டு பங்கு?

புதிதாகச் சங்கமோ தொண்டு நிறுவனமோ தொடங்குகிறவர்கள் பெயருக்கும் லோகோவுக்கும் வாரக்கணக்கில் விவாதிக்கிறார்கள். சங்கம் எப்படி நடக்கவேண்டும் என்ற விதிகளை எழுதிவைக்கும் பைலா மட்டும் ஒரே இரவில் தயாராகிவிடுகிறது. வேறொரு சங்கத்தின் பைலாவை வாங்கி, பெயரை மாற்றி, ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பதிவு செய்யும்போது இதனால் தொந்தரவு வராமல் போகலாம். உள்ளுக்குள் முதல் சண்டை வரும்போதுதான் எல்லாரும் அதை எடுத்துப் படிக்கிறார்கள்.

சண்டை பெரும்பாலும் எண்ணிக்கையில் வந்து நிற்கும். 'தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்' என்று எழுதியிருக்கும். சரி, எதில் மூன்றில் இரண்டு பங்கு? மொத்தம் 90 உறுப்பினர்கள், கூட்டத்துக்கு வந்தவர்கள் 30 பேர். ஆதரவு 16, எதிர்ப்பு 8, மீதி 6 பேர் யாருக்கும் வாக்களிக்கவில்லை. பதிவான வாக்குகள் 24, அதில் 16 என்றால் தீர்மானம் ஜெயித்தது. வந்தவர்களைக் கணக்கில் எடுத்தால் 20 வேண்டும், தோற்றது. மொத்த உறுப்பினர்களில் என்றால் 60 வேண்டும். அவ்வளவு பேர் அறைக்குள்ளேயே இல்லை. 'பதிவான வாக்குகளில்' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் இந்தத் தகராறுக்கே இடமில்லை.

கோரமும், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்ற எண்ணிக்கையும், அப்படித்தான். பொதுக்குழுவுக்குப் பாதிப் பேர் வரவேண்டும் என்று எழுதுவது பார்க்க நன்றாக இருக்கும். 40 பேராக இருந்த சங்கம் 400 பேராக வளர்ந்ததும் 200 பேரை எங்கிருந்து கூட்டிவருவது? கூட்டம் தள்ளிப்போகும், தேர்தலும் தள்ளிப்போகும், பழைய நிர்வாகிகளே நாற்காலியில் தொடர்வார்கள். செயற்குழுவிலோ ஆபத்து வேறு மாதிரி. 9 பேர் கொண்ட குழுவுக்குக் கோரம் 5 என்றால், வந்த ஐவரில் மூன்று பேர் சேர்ந்து சங்கத்தின் கட்டடத்தையே விற்கத் தீர்மானம் போட்டுவிடலாம். சொத்து விற்பனை, கடன் போன்றவற்றுக்காவது குழுவின் மொத்த எண்ணிக்கையில் பெரும்பான்மை வேண்டும் என்று தனியாக எழுதிவிடுங்கள்.

அப்புறம், சந்தாத் தொகை, வங்கியின் பெயர் போன்ற அடிக்கடி மாறும் விஷயங்களைப் பைலாவுக்குள் திணிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொதுக்குழுவைக் கூட்டவேண்டி வரும். அவற்றுக்குத் தனி நடைமுறை விதிகள் போதும்.

நிர்வாகியை நீக்கும் பிரிவை எழுதத்தான் எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். 'ஆரம்பிக்கும்போதே இதெல்லாம் எதற்கு?' என்பார்கள். ஆரம்பத்தில்தான் இதை யார்மேலும் குறிவைக்காமல் எழுத முடியும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தக் காரணங்களுக்காக, குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, அவரே அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கக் கூடாது என்பது, எல்லாம் அதில் வரவேண்டும். தலைவர் கூட்டத்தைக் கூட்டவே மறுத்தால்? பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் குறிப்பிட்ட நாட்களுக்குள் கூட்ட வேண்டும், இல்லையென்றால் அவர்களே கூட்டிக்கொள்ளலாம் என்று எழுதுங்கள். இந்தப் பிரிவு இல்லாத பைலாவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.