விஸ்கான்சின் மட்டும் கிடைத்திருந்தால் ஹிலாரி வென்றிருப்பாரா?

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன் விஸ்கான்சினை விட்டுவிட்டு, வெல்ல வாய்ப்புக் குறைந்த அரிசோனாவுக்குப் பிரசாரம் செய்யப் போனதால்தான் அதிபர் பதவியை இழந்தார் என்ற கூற்று இன்றும் பரவி வருகிறது. இது தவறு.

கட்சி வேட்பாளரான பிறகு அவர் விஸ்கான்சினில் ஒருமுறைகூடப் பிரசாரம் செய்யவில்லை என்பதும், நவம்பர் 2 அன்று அரிசோனாவின் டெம்பி நகரில் கூட்டம் நடத்தினார் என்பதும் உண்மையே. அது கடுமையாக விமர்சிக்கத்தக்க முடிவு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. அமெரிக்காவில் அதிபரை முடிவு செய்பவை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கப்பட்ட தேர்வாளர் வாக்குகள்; ஒரு மாநிலத்தில் வெல்பவருக்கு அவை பெரும்பாலும் முழுதாகச் சேரும். அவர் வென்ற மாநிலங்களின் தேர்வாளர் வாக்குகள் 232, தேவைப்பட்டவை 270. விஸ்கான்சினின் 10 வாக்குகளைச் சேர்த்தால் 242, மிச்சிகனின் 16 வாக்குகளையும் சேர்த்தால் 258. அதுவும் போதாது; பென்சில்வேனியாவின் 20 வாக்குகளும் வந்திருந்தால் 278, வெற்றி. அந்தப் பென்சில்வேனியாவையோ அவர் புறக்கணிக்கவே இல்லை: வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, ஒபாமா தம்பதியுடன் பிலடெல்பியாவில் மாபெரும் கூட்டம் நடத்தியும், 44,292 வாக்கு வித்தியாசத்தில் அங்கே தோற்றார். அதே நாளில் அவர் சென்ற மிச்சிகனும் 10,704 வாக்கு வித்தியாசத்தில் கைநழுவியது.

வாய்ப்புக் குறைந்த மாநிலத்துக்குக் கடைசி நேரத்தில் செல்வது ஹிலாரிக்கு மட்டும் உரிய பிழையுமன்று. 1972-க்குப் பின் குடியரசுக் கட்சி வெல்லாத மினசோட்டாவுக்கு டிரம்ப் நவம்பர் 6 அன்று சென்றார். அங்கே ஏறத்தாழ 1.5 சதவீதப் புள்ளிகளில்தான் தோற்றார்.