இலாகா கொடுக்கும் முன் நாலு கேள்வி கேட்கட்டும்

தேர்தல் முடிந்தாலே எங்கள் தர்மபுரியில் ஒரே பேச்சுதான்: "நம்ம மாவட்டத்துக்கு மந்திரி உண்டா?" 2021-ல் இங்கே 5 தொகுதியிலும் அதிமுக - பாமக அணி ஜெயித்தது, ஆட்சிக்கு வந்தது திமுக. ஆளுங்கட்சிக்கு ஒரு எம்.எல்.ஏ. கூட இல்லாத மாவட்டத்தில் யாரை மந்திரியாக்குவது? வெளிமாவட்டத்துக்காரர்தான் பொறுப்பு அமைச்சராக வந்தார்.

நாடாளுமன்ற முறை அப்படி. சபைக்குள்ளிருந்துதான் மந்திரிசபை. அரசியல் சட்டத்தின் 164-வது பிரிவுப்படி முதல்வர் சொல்லும் பெயர்களை ஆளுநர் நியமிக்கிறார், அவ்வளவுதான். வெளியாளும் ஆகலாம், 6 மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியே 1952-ல் தேர்தலில் நிற்காமல், ஆளுநர் சட்ட மேலவைக்கு நியமிக்க, முதல்வரானவர்தான்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். அங்கே மந்திரியாக வேண்டுமென்றால் எம்.பி. பதவியை விட்டாக வேண்டும். அதிபர் பெயரைச் சொன்னதும் செனட் என்ற மேல்சபையின் குழு அந்த ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லோரும் பார்க்கக் கேள்வி கேட்கும். அப்புறம் ஓட்டெடுப்பு. 1989-ல் அதிபர் புஷ் பாதுகாப்புத் துறைக்குச் சொன்ன ஜான் டவர், அதே செனட்டில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவர். 53-47 என்று தோற்கடித்தார்கள். பெரும்பாலும் அதிபர் சொன்ன ஆளே வந்துவிடுவார் என்பதும் உண்மை. 2017-ல் பெட்ஸி டெவோஸ் 50-50 என்று இழுபறியாகி, துணை அதிபர் ஓட்டில் கல்வித் துறைக்கு வந்தார். ஆனால் டெவோஸுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நாடே பார்த்துவிட்டது.

அந்த முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. நம் மந்திரி கேள்வி நேரத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல்வரின் உரிமையிலும் கை வைக்க வேண்டாம், ஓட்டெடுப்பும் வேண்டாம். இலாகா கைக்கு வரும் முன் சட்டமன்றக் குழு ஒன்று ஒரு நாள் கேள்வி கேட்கட்டும், நேரலையில்.

சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரி வாசலைப் பாருங்கள். பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றிய டிராக்டர்கள் வெயிலில் வரிசையாக நிற்கும். பழம் கனிந்துகொண்டே இருக்கும், ஃபேக்டரி சொன்ன விலைக்கு விவசாயி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேளாண் துறைக்கு வரப்போகிறவரிடம் கேட்க வேண்டாமா? இந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள், காய்ப்பு அதிகமான வருஷம் என்ன செய்வீர்கள் என்று?

அந்தக் குழுவில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்களுக்குக் கட்டாயம் இடம் வேண்டும். மந்திரி கிடைக்காத மாவட்டத்துக்காரர், கேள்வி கேட்கும் இடத்திலாவது உட்காரட்டும்.