கத்தினால் முடிவு மாறும் என்றால் அம்பயர் எதற்கு?

டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமெண்ட் நடத்தும் கமிட்டிக்காரர்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அம்பயர் கொடுத்த முடிவை மாற்ற உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

இந்தப் பொங்கலுக்கும் அதே கதைதான். அரையிறுதி, கடைசி ஓவர், ரன் அவுட். கோட்டுக்கு நேராக நின்ற லெக் அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். பேட்டிங் அணி மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த சொந்தக்காரர்களும் கூடவே இறங்கினார்கள். தள்ளுமுள்ளு, சட்டையைப் பிடிப்பது, அம்பயரின் அம்மாவை இழுத்துப் பேசுவது என்று எல்லாம் நடந்து முடிந்த பிறகு கமிட்டியில் ஒருவர் மைக்கை வாங்கினார். 'இரு அணிகளின் நலன் கருதி' அந்தப் பந்து மறுபடியும் வீசப்படும் என்று அறிவித்தார். மறுபடி வீசிய பந்து சிக்ஸர், ஆட்டம் முடிந்தது. தோற்றவர்கள் பக்கத்து ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த பையன்கள். ஒரு வார்த்தை பேசாமல் கிட் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதில் எங்கே இருந்தது இரு அணிகளின் நலன்? யாருக்கு ஆள் பலம் அதிகம், யார் உள்ளூர், யாருடைய மாமா முதல் பரிசுக்குப் பணம் கொடுத்திருக்கிறார் என்று பார்த்து எடுத்த முடிவு அது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அணிகள் என்ன பாடம் படித்திருக்கும்? அடுத்த ஆட்டத்தில் ஒரு வைடுக்குக் கூட ஏழெட்டுப் பேர் உள்ளே ஓடி வந்தார்கள். வராமல் என்ன செய்வார்கள்? அழுகுணி ஆட்டம் ஆடுகிறவனுக்குத்தான் பலன் என்று நீங்களே மைக்கில் சொல்லிவிட்டீர்களே.

கிரிக்கெட் விதிகளை எழுதி வைத்திருப்பது எம்.சி.சி. என்ற லண்டன் கிரிக்கெட் கிளப். அதில் 2ஆவது விதி என்ன சொல்கிறது தெரியுமா? அம்பயர் தன் முடிவை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உடனடியாக மாற்ற வேண்டும். அதைத் தவிர, கொடுத்த முடிவு இறுதியானது. மாற்றினால் அம்பயர்தான் மாற்ற வேண்டும். அந்த வரியில் கமிட்டி இல்லை, ஸ்பான்சர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. அம்பயர் பந்துகளைத் தப்பாக எண்ணிவிட்டால் கூட, அவர் எண்ணியதுதான் ஓவர் என்று 17ஆவது விதி சொல்கிறது. ஐந்து பந்துதான் போட்டான் என்று நாம் அரை மணி நேரம் மல்லுக்கட்டும் விஷயத்துக்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது. யாராவது எடுத்துப் படித்தால்தானே?

2017இல் வீரர்களின் நடத்தைக்கென்றே 42ஆவது விதியைக் கொண்டுவந்தார்கள். அம்பயர் முடிவுக்கு முகம் சுளித்து எதிர்ப்புக் காட்டினால் முதலில் எச்சரிக்கை, மறுபடி செய்தால் எதிரணிக்கு 5 ரன். அம்பயரை அடிப்பேன் என்று மிரட்டினால் அந்த ஆட்டம் முழுக்க வெளியே உட்கார வேண்டும். நம் கண்மாய்க் கரையில் இதில் எது நடக்கிறது? அடிக்கப் பாய்ந்தவனே அடுத்த பந்தை ஆடுகிறான், ஆட்ட நாயகன் கோப்பையையும் வாங்கிக்கொண்டு போகிறான்.

முடிவை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2006 ஆகஸ்ட், ஓவல் மைதானம், இங்கிலாந்துக்கும் பாகிஸ்தானுக்கும் டெஸ்ட். பந்தைச் சேதப்படுத்தியதாகச் சொல்லி அம்பயர்கள் டேரல் ஹேரும் பில்லி டாக்ட்ரோவும் 5 ரன் அபராதம் போட்டார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு பாகிஸ்தான் அணி குறித்த நேரத்தில் களத்துக்கு வரவில்லை. அம்பயர்கள் பெயில்ஸை எடுத்துவிட்டு ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். பின்னால் நடந்த விசாரணையில், பந்தைச் சேதப்படுத்திய குற்றச்சாட்டிலிருந்து கேப்டன் இன்சமாம் விடுவிக்கப்பட்டார். அதாவது பாகிஸ்தானின் குறையில் நியாயம் இருந்தது. ஆனால் ஆட மறுத்ததற்கு 4 ஒருநாள் போட்டித் தடை அவருக்குக் கிடைத்தது. 2008இல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐ.சி.சி. அந்த ஆட்டத்தை டிரா என்று மாற்றியது. நாலா பக்கமும் எதிர்ப்பு. 2009 பிப்ரவரியில் மறுபடி இங்கிலாந்தின் வெற்றி என்றே திருத்தியது. ஐ.சி.சி.யே தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட விஷயம் இது. புகாரை விசாரிப்பது வேறு, ஆட்டத்தின் முடிவைத் திருத்துவது வேறு. அந்த வித்தியாசம் நம் கமிட்டிகளுக்கு எப்போது புரியும்?

அம்பயர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. கவனமில்லாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு பக்கம் சாய்பவர்களும் இருக்கிறார்கள். பேட்டிங் அணிப் பையனையே அம்பயராக நிறுத்தும் வழக்கம் இன்னும் எத்தனை டோர்னமெண்டில் ஓடிக்கொண்டிருக்கிறது! தன் அண்ணன் ஆடும்போது அவன் எப்படி விரலைத் தூக்குவான்? சர்வதேச டெஸ்டிலேயே சொந்த நாட்டு அம்பயர் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் 1994இல் ஒரு பொது அம்பயரைக் கொண்டுவந்தார்கள். 2002இல் இரண்டு பேரையும் வெளிநாட்டவர் ஆக்கினார்கள். பரிசுத் தொகைக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் செலவழிக்கிற நீங்கள், வேறு ஊரிலிருந்து இரண்டு அம்பயரைக் கூப்பிட முடியாதா?

உண்மையான குறை இருக்கிறவனுக்கும் இங்கே வழி இல்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒரு கேப்டன் பொறுமையாக வந்து, 'அண்ணே, இந்த அம்பயர் காலையிலிருந்து இடுப்புக்கு மேல் வருகிற ஃபுல் டாஸுக்கு நோ பால் கொடுக்கவே இல்லை' என்று சொன்னால் 'சரி தம்பி, பார்த்துக்கலாம், போய் ஆடுங்க' என்று அனுப்பிவிடுகிறீர்கள். அதே கேப்டன் ஸ்டம்ப்பைப் பிடுங்கி எறிந்தால் அவசரக் கூட்டம் போடுகிறீர்கள். அப்புறம் 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்லை' என்று பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?

இத்தனைக்கும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பேச வருவது கேப்டன் மட்டும், அதுவும் ஓவர் முடிந்த பிறகு. வேறு யார் உள்ளே வந்தாலும் 5 ரன். பிறகு, புகார் எதைப் பற்றி என்று பிரித்துப் பாருங்கள். கால் கோட்டுக்குள் இருந்ததா, பந்து மட்டையில் உரசியதா என்பது அம்பயர் கண்ணால் பார்த்தது. அதில் பேச்சே கிடையாது, பவுண்டரியில் நின்று யாரோ செல்போனில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து நீட்டினாலும் கிடையாது. விதியையே தப்பாகச் சொல்லிவிட்டார் என்றால் மட்டும், ஓவர் முடியக் காத்திருக்காமல் அடுத்த பந்துக்கு முன்னால் கேப்டன் அம்பயரிடம் கேட்கலாம். மற்றதை ஆட்டம் முடிந்ததும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும், அன்று ஆடாத இரண்டு அணிகளின் கேப்டன்கள் உட்கார்ந்து விசாரிக்கட்டும். குறை உண்மை என்றால் அந்த அம்பயரை அடுத்த ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்கோர் அட்டையில் கை வைக்காதீர்கள்.

ஃப்ரீ ஹிட் உண்டா, லெக் சைடு வைடுக்குக் கோடு எங்கே, மின்கம்பத்தில் பட்டால் எத்தனை ரன் என்பதை டாஸுக்கு முன்பே சொல்லித் தொலையுங்களேன். ஃப்ரீ ஹிட் எம்.சி.சி. விதிகளிலேயே இல்லை, போட்டி நடத்துகிறவர்தான் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விட்டுவிட்டு, சண்டை வந்ததும் அம்பயர் தலையில் கட்டுகிறீர்கள்.

மைக் பிடிக்கிற தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 'அம்பயர் தவறிழைத்துவிட்டார் போலத் தெரிகிறது' என்று ஒலிபெருக்கியில் சொல்கிறாயே, நூறு அடி தள்ளிப் பந்தல் நிழலில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? நீ வாயைத் திறந்த பிறகுதான் கூட்டம் கொதிக்கிறது. வெயிலில் நின்றவருக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும் பெட்ரோல் காசும்தான் மிச்சம். அவரைப் பைக் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய் விடக்கூட கமிட்டியில் ஒரு ஆள் வருவதில்லை.

சித்திரைத் திருவிழா டோர்னமெண்டுக்கு அம்பயராக நிற்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நோட்டீஸில் நுழைவுக் கட்டணத்துக்குக் கீழேயே புகார் விதிமுறையையும் அச்சடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வட்டாரத்தில் அம்பயராக நிற்கும் மற்றவர்களிடமும் இதையே பேசிக்கொண்டிருக்கிறேன். நான்கைந்து பேர் சரி என்றிருக்கிறார்கள், மீதிப் பேரிடமும் பேசப்போகிறேன்.