கொக்கு, கெக்கு

நான் பாடம் எடுக்கும் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் ‘கொக்கு’ என்பதைக் ‘கெக்கு’ என்று வாசிக்கிறாள். கொம்பைப் பார்க்கிறாள், துணைக்காலை விட்டுவிடுகிறாள். ஒன்றாம் வகுப்பிலேயே சரியாகியிருக்க வேண்டிய பிழை. ஆனால் அவள் ஒன்றாம் வகுப்பில் உட்காரவே இல்லை.

கொரோனாவால் 2020 மார்ச் நடுவில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. பத்தொன்பது மாதத்துக்கு மேல். ஒன்றாம் வகுப்புக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பு! அப்புறம் ஜனவரியில் ஓமைக்ரான், திரும்பவும் பூட்டு, பிப்ரவரி 1-இல் திறப்பு.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, உண்மைதான். ஆனால் டிவி பார்த்து ‘அ’ எழுதப் பழகிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரல் பிடிக்க ஆள் வேண்டும்.

“நேத்து மாதிரி இருக்கு, அதுக்குள்ள ஆறு வருஷமா!” என்று பெரியவர்கள் ஆச்சரியப்படுகிறோம். நமக்கு அது கழிந்துபோன காலம். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்ததும் கணக்கை மூடிவிட்டோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது மூடவில்லை. இவர்களைக் ‘கொரோனா பேட்ச்’ என்று ஆசிரியர்களே கேலி பேசுவதைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு நான் கடன்பட்டவள். 2022-இல் வாசிப்பையும் கணக்கையும் அடிப்படையிலிருந்து சொல்லித்தரும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது இவர்கள் மூன்றாம் வகுப்பு. அதிலும் பலர் தேறினார்கள். தேறாதவர்களுக்கு இன்னும் நேரம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். தினம் அரை மணி நேரம், வாசிப்புக்கு மட்டும். அந்த நேரத்தில் “பாடம் முடிஞ்சதா?” என்று யாரும் வந்து நிற்கக் கூடாது.

போன மாதம் அந்தப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். “இவ சோம்பேறி, டீச்சர். நாலு அடி போடுங்க” என்றார். பத்தொன்பது மாதக் கணக்கை அவருக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ஊரடங்குல வேலையில்லாம வீட்லதான் டீச்சர் இருந்தேன். எனக்கு எழுத்து தெரிஞ்சிருந்தா நானே சொல்லிக் கொடுத்திருப்பேன்.”