அண்ணன் செத்தால் தம்பியைத் திருப்பி அனுப்பினார்களா?

முதல் உலகப் போரில் ஒரு வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் செத்துவிட்டால் மிச்சம் இருப்பவனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டமே இருந்தது என ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. தானாகவே ஆளைத் திருப்பி அனுப்பும் அப்படியொரு சட்டம் அங்கே இல்லை.

இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயரில் கிரேட் ரிஸிங்டன் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே சோல்ஸ் குடும்பத்தில் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் போருக்குப் போனார்கள். 1916 மார்ச்சில் ஆல்பர்ட், ஜூலையில் ஃபிரெட், ஆகஸ்டில் வால்டர் என்று ஆறே மாதத்துக்குள் மூன்று பேர் செத்துவிட்டார்கள். சரி, இதோடு மற்ற இருவரையும் விட்டார்களா? இல்லை. இரட்டையர்களான ஆல்ஃபிரெடும் ஆர்தரும் போர்முனையிலேயே இருந்து, 1918 ஏப்ரலில் ஐந்து நாள் இடைவெளியில் இறந்தார்கள். ஃபிரெட்டின் உடல் கிடைக்கவே இல்லை. அவன் வருவான் என்று அம்மா ஜன்னலில் மெழுகுவத்தி ஏற்றி வைப்பாராம், ஊரில் சொல்லும் கதை.

இந்த ஃபார்வர்டுக்கு ஆதாரமாகக் காட்டுவது பார்னர்ட் காஸில் ஊர் ஸ்மித் குடும்பத்தை. அந்த வீட்டில் சகோதரர்கள் ஐந்து பேர் இறந்தபின், மிஞ்சிய வில்ஃபிரெட் வீடு திரும்பியது உண்மைதான். ஆனால் அது சட்டத்தால் நடக்கவில்லை, அந்த ஊர்ப் பாதிரியாரின் மனைவி ராணி மேரிக்குக் கடிதம் எழுதியதால் நடந்தது. கடிதம் எழுத ஆள் இல்லாத வீடுகளின் கதி என்னவாகியிருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் பிற்பாடு, 1948 சட்டத்தில், உயிரோடு மிஞ்சிய ஒரே மகனுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு வந்தது. அதைத்தான் யாரோ முப்பது வருஷம் முன்னால் இழுத்து இங்கிலாந்தில் ஒட்டிவிட்டார்கள் போல.